பழைய சின்ன கன்வெர்ட்டிபிளுக்கு நம்பகமான மெக்கானிக்கைக் கண்டுபிடிப்பது எப்படி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கூரையை மடக்கித் திறக்கும் சின்னக் காரைப் பழையதாக வாங்கியவர்களும், வாங்கலாமா என்று யோசிப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இவை. மாஸ்டா எம்எக்ஸ்-5, எம்ஜி எஃப், பிஎம்டபிள்யூ இசட்3, டொயோட்டா எம்ஆர்2, டைஹாட்ஸு கோபன் போன்ற வண்டிகளை மனதில் வைத்துப் பதில்கள் எழுதப்பட்டுள்ளன. கேள்விகள் கேட்டவர்களின் பேச்சிலேயே இருக்கின்றன.

1. பக்கத்துல இருக்கற மெக்கானிக்கே போதாதா? இதுக்குன்னு தனியா ஒரு ஆள் வேணுமா?

எஞ்சின், பிரேக், கிளட்ச் வேலை மட்டும் என்றால் பெரும்பாலும் போதும். இந்த வண்டிகள் பலவற்றில் இருப்பது சாதாரணக் குடும்பக் கார்களின் எஞ்சின்தான். முதல் தலைமுறை எம்எக்ஸ்-5-இன் 1.6 லிட்டர் எஞ்சின் மாஸ்டா 323 வழி வந்தது. 1999-இல் வந்த எம்ஆர்2-இன் 1.8 லிட்டர் எஞ்சின் கொரோலாவிலும் செலிகாவிலும் ஓடியது. அந்த கார்களைப் பிரித்துப் பூட்டிய கை இதிலும் தடுமாறாது.

சிக்கல் உடம்பில்தான் வரும். மூடிய காரில் கூரையும் தூண்களும் சேர்ந்து வண்டியை விறைப்பாகப் பிடித்துக்கொள்ளும். கூரை இல்லாதபோது அந்தப் பாரத்தில் பெரும்பகுதி கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் ஸில் என்ற பெட்டித் தகரத்தின் மேல் விழுகிறது. துணிக்கூரையிலிருந்து வடியும் மழைத்தண்ணீர் தப்பான வழியில் போனால் முதலில் அரிப்பதும் அந்த ஸில்லைத்தான். எஞ்சின் போனால் இன்னொன்று வைத்துவிடலாம். ஸில் போனால் வண்டியை வெட்டி வெல்டிங் செய்ய வேண்டும். அதனால் தண்ணீர் எங்கே போகிறது என்று பார்க்கத் தெரிந்த மெக்கானிக்கைத் தேடுங்கள். இந்தப் பக்கத்தில் மற்றதெல்லாம் அதற்கு அடுத்ததுதான்.

2. வண்டி வாங்கிட்டு மெக்கானிக்கைத் தேடலாமா, இல்ல முதல்லயே தேடணுமா?

முதலிலேயே தேடுங்கள். வாங்கும் முன் வண்டியைப் பார்க்கப்போவது அவர்தான். அதோடு, ஒரு வண்டியை அவர் எப்படிப் பரிசோதிக்கிறார் என்பதே அவரைப் பரிசோதிக்கக் கிடைக்கும் நல்ல வாய்ப்பு. பணம் கைமாறாத நிலையில், "இதை வாங்காதீங்க" என்று காரணத்தோடு சொல்கிறவர் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது.

3. எங்க போய்த் தேடறது? யாரைக் கேட்டாலும் "நம்ம ஆள் ஒருத்தர் இருக்கார்"னுதான் சொல்றாங்க.

அதே மாடலை வைத்திருப்பவர்களின் கிளப் இருந்தால் அங்கே தொடங்குங்கள். "யார் நல்ல மெக்கானிக்?" என்று கேட்டால் எல்லாருக்கும் அவரவர் ஆள்தான் நல்லவர். கேள்வியை மாற்றிக் கேளுங்கள்: உங்கள் வண்டிக்கு டைமிங் பெல்ட் (எஞ்சின் வால்வுகளை உரிய நேரத்தில் திறந்து மூடவைக்கும் பல்பட்டை) யார் மாற்றியது, அதன்பிறகு எத்தனை கிலோமீட்டர் ஓடியது, திரும்பக் கொண்டுபோக வேண்டி வந்ததா, வந்தால் என்ன சொன்னார்? இந்த நாலுக்கும் பதில் சொல்லக்கூடியவரின் சிபாரிசுக்குத்தான் மதிப்பு.

கிளப் இல்லாத இடத்தில், மெக்கானிக்குகளின் வேலையைப் பக்கத்திலிருந்து பார்ப்பவர்களைக் கேளுங்கள். சிலிண்டர் ஹெட்டை மட்டம் செய்யும் லேத் பட்டறைக்காரருக்கு, யார் ஹெட்டைச் சுத்தம் செய்து, போல்ட்டுகளை வரிசையாக வைத்துக் கொண்டுவருகிறார், யார் சாக்கில் போட்டுக் கொண்டுவருகிறார் என்று தெரியும். வீல் அலைன்மென்ட் போடுகிறவருக்கு யார் சஸ்பென்ஷனின் ரப்பர் புஷ்களை ஒழுங்காக மாற்றுகிறார் என்பது தெரியும். ஸ்பேர் பார்ட்ஸ் கவுன்ட்டரில் இருப்பவருக்கு, யார் சேஸிஸ் எண்ணைச் சொல்லிக் கேட்கிறார், யார் "ஏதோ ஒண்ணு கொடு, போட்டுப் பார்க்கலாம்" என்கிறார் என்பது அத்துப்படி. மூன்று பேர் ஒரே பெயரைச் சொன்னால் நேரே போய்ப் பார்க்கலாம்.

4. முதல் தடவை பேசும்போது என்ன கேக்கறது? நமக்கு ஒண்ணும் தெரியாதுன்னு கண்டுபிடிச்சிட மாட்டாரா?

தெரியாது என்பதை மறைக்க வேண்டாம். "இந்த மாடலில் நீங்கள் முதலில் எதைப் பார்ப்பீர்கள்?" என்று கேட்டுவிட்டு அவரைப் பேச விடுங்கள். கூரையின் வடிகால், ஸில், அடித்தரை என்று வாயில் வந்தால் நல்ல அறிகுறி. "கொண்டு வாங்க, ஒரு ரவுண்டு ஓட்டினாலே தெரிஞ்சிடும்" என்று நிறுத்தினால் இன்னும் இரண்டு பேரிடம் பேசிப் பாருங்கள்.

அடுத்து, ஜாக்கியை எங்கே வைப்பீர்கள், கழற்றிய பழைய பாகங்களைத் திருப்பித் தருவீர்களா, கூரைத் துணி வேலையை யாரிடம் அனுப்புவீர்கள் என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு "நானே பண்ணிடுவேன்" என்பதைவிட, "எனக்கு அது வராது, ஆனா ஒரு சீட் தையல்காரர் இருக்கார்" என்பது பல சமயம் நம்பகமான பதில். தன் எல்லை தெரிந்தவரிடம் வண்டியைத் தைரியமாக விடலாம்.

5. பட்டறையைப் பார்த்தே ஆள் எப்படின்னு சொல்லிட முடியுமா?

ஓரளவு முடியும். தரை பளபளக்க வேண்டியதில்லை. போல்ட்டைக் குறிப்பிட்ட அளவுக்கு மட்டும் இறுக்கும் டார்க் ரெஞ்ச் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறதா, பிரித்த எஞ்சினின் வாய்கள் துணியால் அடைக்கப்பட்டிருக்கின்றனவா, கழற்றிய போல்ட்டுகள் எது எங்கிருந்து வந்தது என்று குறிக்கப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். உள்ளே வேறொரு கன்வெர்ட்டிபிள் நின்றால் அதன் கூரையைக் கவனியுங்கள். ஸ்பானர்களை மடக்கிய கூரையின் மேல் வைத்திருந்தால் உங்கள் வண்டிக்கும் அதுதான் நடக்கும்.

6. வாங்கறதுக்கு முன்னாடி செக் பண்ணச் சொன்னா, சரியா எதையெல்லாம் பார்க்கணும்?

தண்ணீரிலிருந்து தொடங்க வேண்டும். எம்எக்ஸ்-5-இல் கூரையிலிருந்து வடியும் தண்ணீர் சீட்டுகளுக்குப் பின்னால் இரண்டு மூலைகளிலும் இருக்கும் துளைகளில் இறங்கி, பின்சக்கரத்துக்குச் சற்று முன்னால் வண்டிக்கு அடியில் வெளியேறும். ஒவ்வொரு பக்கமும் ஒரு டம்ளர் தண்ணீரை மெதுவாக ஊற்றி, கீழே குனிந்து பாருங்கள். சில நொடிகளில் ஒழுகத் தொடங்கி, ஊற்றிய அளவு வெளியே வர வேண்டும். சொட்டுச் சொட்டாக வந்தாலும், பழுப்பு நிறத்தில் வந்தாலும், வராமலே போனாலும் தண்ணீர் உள்ளே தங்குகிறது என்று பொருள். இலைச்சருகும் தூசியும் சேர்ந்து களிமண்போல் அடைத்திருக்கும். அதைக் கெட்டிக் கம்பியால் குத்துவதும் அழுத்தக் காற்றை அடிப்பதும் கூடாது. குழாய் இணைப்பிலிருந்து கழன்றுவிட்டால் தண்ணீர் நேரே ஸில்லுக்குள் போகும். வளையும் நைலான் இழையை விட்டு மெல்ல அசைத்து எடுக்க வேண்டும். இதைத் தானாகவே சொல்லும் மெக்கானிக்கை விட்டுவிடாதீர்கள்.

பிறகு கார்ப்பெட். சீட்டுக்குப் பின்னாலும் கால் வைக்கும் இடத்திலும் கையை அடியில் விட்டுத் தொட்டுப் பார்க்க வேண்டும். மேலே காய்ந்திருக்கும், அடியில் இருக்கும் பஞ்சு ஈரமாக இருக்கும். ஸில்லின் பின்கோடியை, சக்கரத்துக்கு முன் இருக்கும் அந்த ஒரு சாண் நீளத்தை, ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியால் தட்டினால் நல்ல தகரம் கணீரென்று ஒலிக்கும். அரித்ததும் புட்டி அப்பியதும் மந்தமாகக் கேட்கும். மெல்லிய துணி சுற்றிய காந்தத்தையும் நகர்த்திப் பார்க்கலாம். முதல் தலைமுறை எம்எக்ஸ்-5-இன் பானட் அலுமினியம், அதில் காந்தம் ஒட்டாததைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

எஞ்சினுக்கு, ஒவ்வொரு சிலிண்டரிலும் எவ்வளவு அழுத்தம் எழுகிறது என்று அளக்கும் கம்ப்ரெஷன் டெஸ்ட் கேளுங்கள். எஞ்சின் சூடாக, எல்லா ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி, பெட்ரோலும் இக்னிஷனும் துண்டிக்கப்பட்டு, ஆக்ஸிலரேட்டரை முழுதும் அழுத்திப் பிடித்து, நல்ல சார்ஜ் உள்ள பேட்டரியில் எடுக்க வேண்டும். சிலிண்டர்களுக்குள் வித்தியாசம் 10 முதல் 15 சதவீதத்துக்குள் இருந்தால் கவலையில்லை. ஒன்று மட்டும் குறைந்தால் அந்தத் துளையில் ஒரு டீஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி எடுப்பார்கள். அழுத்தம் ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்மானம். ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட்டைச் (சிலிண்டர் ஹெட்டுக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் இடையில் கசிவைத் தடுக்கும் தகடு) சந்தேகிக்கலாம்.

டயர் பட்டன் ஆழமாக இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். குறைவாக ஓடும் இந்த வண்டிகளில் டயர் தேய்வதற்கு முன் வயதாகிவிடும். பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கத்தில் முதல் இரண்டு வாரம், கடைசி இரண்டு ஆண்டு: 2314 என்றால் 2014-இன் 23-ஆவது வாரம்.

7. லிஃப்ட்ல ஏத்தினதும் கதவு சரியா மூட மாட்டேங்குது. மெக்கானிக் கெடுத்துட்டாரா?

பெரும்பாலும் இல்லை. கூரை இல்லாத உடம்பு தூக்கும்போது கொஞ்சம் வளையும். அதனால் வண்டி லிஃப்ட்டிலோ ஸ்டாண்டிலோ இருக்கும்போது கதவைத் திறந்து மூடுவதையும் கூரையை மடக்குவதையும் தவிர்ப்பது நல்ல பழக்கம்.

ஆனால் எவ்வளவு வளைகிறது என்பது முக்கியம். வண்டி தரையில் நிற்கும்போது கதவின் பின்விளிம்புக்கும் பின்பக்கத் தகரத்துக்கும் உள்ள இடைவெளியை மேலேயும் கீழேயும் பாருங்கள். தூக்கியபின் அதே இடைவெளி கண்ணுக்கே தெரியும்படி குறுகினாலோ, கதவு உரசினாலோ ஸில்லை மறுபடி பரிசோதிக்க வேண்டும். தூக்கிய இடமும் தப்பாக இருக்கலாம். ஸில்லின் அடியில் தடித்த மடிப்பாக உள்ள குறிப்பிட்ட இடங்களில்தான் லிஃப்ட்டின் கைகளை வைக்க வேண்டும். நடுவில் வைத்தால் நல்ல ஸில்லும் நசுங்கும். இறக்கியபிறகும் கதவு பழையபடி மூடவில்லை என்றால் அதை அங்கேயே, அப்போதே சொல்லுங்கள்.

8. ஸ்கேனர் போட்டுப் பார்த்தாலே எல்லாம் தெரியாதா?

அமெரிக்காவில் 1996 முதலும், ஐரோப்பிய ஒன்றியத்தில் பெட்ரோல் கார்களுக்கு 2001 முதலும்தான் ஓபிடி-2 வகை இணைப்பு (ஸ்கேனரைச் செருகும் பொதுவான சாக்கெட்) கட்டாயமானது. அதற்கு முந்தைய எம்எக்ஸ்-5-இல் பானட்டுக்குள் உள்ள சின்ன டயக்னாஸ்டிக் பெட்டியில் இரண்டு முனைகளை இணைத்து, விளக்கு எத்தனை முறை மின்னுகிறது என்று எண்ண வேண்டும். சாதாரண ஸ்கேனர் கூரையின் மோட்டார், சுவிட்சுகள் பக்கமே போகாது. அதற்கு அந்தக் கம்பெனிக்கு உரிய கருவி தேவை. துரு எதிலும் தெரியாது.

ஒரு விஷயத்துக்கு மட்டும் ஸ்கேனர் கட்டாயம். விற்பவர் பழைய எரர் குறியீடுகளை அழித்துவிட்டு வண்டியைக் காட்டினால், சுயபரிசோதனைகள் இன்னும் முடியவில்லை என்று கருவி காட்டும். "எரர் எதுவும் இல்லை" என்பதோடு நிறுத்தாமல் அந்தப் பட்டியலையும் பார்க்கும் மெக்கானிக் விவரமானவர்.

9. ஒவ்வொரு மாடலுக்கும் மெக்கானிக்குக்கு என்ன தெரிஞ்சிருக்கணும்? நாம கேட்டுப் பார்க்கறதுக்கு.

முதல் இரண்டு தலைமுறை எம்எக்ஸ்-5-இல் (1989 முதல் 2005 வரை) பேட்டரி டிக்கிக்குள் இருக்கிறது, அதன் வாயு குழாய் வழியாக வெளியேற வேண்டும். குழாய் இல்லாத சாதாரண பேட்டரியை வைத்தால் அமில ஆவி டிக்கித் தகரத்தை அரிக்கும். ஆரம்பகால 1.6 எஞ்சின்களில், பெல்ட் புல்லி பூட்டும் கிராங்க் ஷாஃப்ட் முனை குட்டை. டைமிங் பெல்ட் மாற்றும்போது புல்லி போல்ட்டைச் சரியான டார்க்கில் இறுக்காவிட்டால் புல்லியைச் சுழலாமல் பிடிக்கும் சாவித்தடம் தேய்ந்து புல்லி ஆடத் தொடங்கும். இரண்டாம் தலைமுறையில் முன்பக்க சேஸிஸ் கால்கள் (நீளவாக்கில் ஓடும் பெட்டிச் சட்டங்கள்) உள்ளிருந்து அரிக்கும், மேலே பெயின்ட் நன்றாகவே இருக்கும்.

எம்ஜி எஃப் பற்றிப் பேசினால் ஹெட் கேஸ்கெட் பேச்சு வந்தே தீரும். எஞ்சின் சீட்டுக்குப் பின்னால், ரேடியேட்டர் முன்னால், நடுவே வண்டிக்கு அடியில் நீண்ட குழாய்கள். பழைய இரும்புக் குழாய்கள் துருப்பிடித்து ஓட்டையாகும், கூலன்ட் குறையும், எஞ்சின் சூடேறும், அப்புறம் கேஸ்கெட் போகும். காற்றை முழுதும் வெளியேற்றாமல் கூலன்ட் நிரப்பினாலும் அதே கதைதான். காற்றை எப்படி எடுப்பீர்கள் என்று கேளுங்கள். 2002 வரையிலான எம்ஜி எஃப்-இல் ஸ்பிரிங்குக்குப் பதில் திரவமும் வாயுவும் அடைத்த ஹைட்ராகாஸ் சஸ்பென்ஷன். அதற்கு அழுத்தம் ஏற்றும் பம்ப் இருக்கிறதா, இல்லாவிட்டால் யாரிடம் இருக்கிறது என்றாவது தெரிந்திருக்க வேண்டும்.

பிஎம்டபிள்யூ இசட்3-இல் டிக்கி கார்ப்பெட்டைத் தூக்கி, டிஃபரன்ஷியலைத் தாங்கும் இடத்தில் ஸ்பாட் வெல்டுகள் பிய்ந்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். 2002-இல் வந்த முதல் இசட்4-இல் கூரையின் ஹைட்ராலிக் மோட்டார் கூரை மடங்கும் குழியின் தாழ்ந்த மூலையில் இருக்கிறது. வடிகால் அடைத்தால் அது தண்ணீரில் மூழ்கும். 1999-இல் வந்த எம்ஆர்2-இன் ஆரம்பகால வண்டிகளில் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்குள் இருக்கும் முன்-கேட்டலிஸ்ட் (புகையைச் சுத்தம் செய்யும் பாகம்) பொடிந்து எஞ்சினுக்குள் இழுக்கப்படுவதும், எஞ்சின் ஆயில் குடிப்பதும் சேர்ந்தே வரும். ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் போன்ற பழசென்றால், முன்சக்கரம் திரும்ப உதவும் ட்ரனியன் என்ற மூட்டுக்கு கிரீஸ் அடிக்காமல் இபி90 கியர் ஆயில் விட வேண்டும். இதைச் சொல்லாமலே செய்பவருக்கு மீதியும் தெரிந்திருக்கும்.

10. கூரை ஒழுகுது. மெக்கானிக் பார்ப்பாரா, தையல்காரரா?

எங்கே ஒழுகுகிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள். ஒருவர் உள்ளே டார்ச்சோடு உட்கார, இன்னொருவர் அழுத்தமில்லாமல் தண்ணீரைக் கீழிருந்து மேலாக, ஒவ்வொரு இடத்திலும் இரண்டு மூன்று நிமிடம் விட வேண்டும். மேலிருந்து தொடங்கினால் எல்லாமே ஒரே நேரத்தில் நனைந்து குழப்பிவிடும். கதவுக் கண்ணாடி ஓரம் என்றால் ரப்பர் அல்லது கண்ணாடியின் சரிவு, அதை மெக்கானிக் சரி செய்யலாம். துணியின் தையல், பின்கண்ணாடி ஒட்டிய இடம் என்றால் தையல்காரர். கூரையின் பின்விளிம்பின்கீழ் தண்ணீரை வடிகாலுக்குத் திருப்பும் பிளாஸ்டிக் வாய்க்கால் கிழிந்திருந்தால், கூரையை மாற்றும்போதே அதையும் மாற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் புதுக்கூரைக்குக் கீழேயும் கார்ப்பெட் நனையும்.

பின்பக்கம் பிளாஸ்டிக் ஜன்னல் உள்ள பழைய எம்எக்ஸ்-5 என்றால், கூரையை இறக்கும் முன் ஜிப்பைத் திறந்து ஜன்னலைத் தட்டையாகப் படுக்க வைக்க வேண்டும். குளிரில் விறைத்த பிளாஸ்டிக்கை மடக்கினால் விரிசல் விடும். வண்டியை விடும்போது இதை ஒரு தாளில் எழுதி ஸ்டீயரிங்கில் ஒட்டிவிடுங்கள்.

11. முதல் வேலையா எதைக் கொடுத்துப் பார்க்கறது?

பெரிதாக எதுவும் வேண்டாம். எஞ்சின் ஆயில், ஃபில்டர், பிரேக் ஃப்ளூயிட், கூடவே வடிகால் சுத்தம். பிரேக் ஃப்ளூயிட் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும், இரண்டு ஆண்டுக்கொரு முறை மாற்றுவது பொது வழக்கம், பழைய வண்டிக்கு யார் எப்போது மாற்றினார்கள் என்று தெரியவே தெரியாது. ஆக இந்த வேலை எப்படியும் தேவைப்படும்.

வண்டி திரும்பியதும் நீங்கள் பாருங்கள். டிப்ஸ்டிக்கில் ஆயில் மேல் கோட்டைத் தாண்டியிருக்கக் கூடாது. டிரெயின் பிளக்கில் புது வாஷர் இருக்க வேண்டும். பிரேக் ஃப்ளூயிட்டை வெளியேற்றும் நான்கு பிளீட் நிப்பிள்களிலும் ரப்பர் மூடி இருக்க வேண்டும், நான்கிலும் ஸ்பானர் பட்ட தடம் தெரிய வேண்டும். முன்சக்கரங்களோடு நிறுத்திக்கொண்டவர் இந்த இடத்தில் மாட்டிக்கொள்வார். பிளாஸ்டிக் மூடிகளின் கிளிப்புகள் எல்லாம் திரும்ப வந்திருக்கின்றனவா என்றும் எண்ணுங்கள். வீல் நட்டைச் சாதாரண ஸ்பானரால் தளர்த்திப் பாருங்கள்: எம்எக்ஸ்-5-க்கு இறுக்க வேண்டிய அளவு 88 முதல் 118 நியூட்டன் மீட்டர். ஆள் ஏறி மிதித்தால்தான் கழலுகிறது என்றால் ஏர் கன்னால் இறுக்கியிருக்கிறார்கள். பார்த்து முடித்ததும் டார்க் ரெஞ்சால் அந்த அளவில் மறுபடி இறுக்கிவிடுங்கள்.

12. விக்கிறவர் "டைமிங் பெல்ட் மாத்தியாச்சு"ங்கறார். மெக்கானிக்கும் "அப்படித்தான் தெரியுது"ங்கறார். நம்பலாமா?

பெல்ட்டைப் பார்த்து அதன் வயதைச் சொல்ல முடியாது. விரிசல் தெரிந்தால் பழசு என்று சொல்லலாம், தெரியாததால் புதுசு என்று சொல்ல முடியாது. தேதியும் கிலோமீட்டரும் எழுதிய பில் இருந்தால் நம்பலாம். அந்த பில்லில் டென்ஷனர், ஐட்லர், வாட்டர் பம்ப், கேம் மற்றும் கிராங்க் ஆயில் சீல்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். பெல்ட் மட்டும் என்றால், அடுத்து வாட்டர் பம்ப் ஒழுகும்போது அதே கூலியை மறுபடி கொடுக்க வேண்டும்.

பில் இல்லையா, மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு தலைமுறை எம்எக்ஸ்-5-க்கு ஏறத்தாழ ஒரு லட்சம் கிலோமீட்டர் என்பது புழக்கத்தில் உள்ள கணக்கு. 2005-க்குப் பிறகு வந்தவற்றில் பெல்ட்டுக்குப் பதில் செயின். செயின் எஞ்சினுக்கு "பெல்ட் மாத்தணும்" என்று ஒருவர் எஸ்டிமேட் எழுதினால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுங்கள்.

13. பார்ட்ஸ் நானே வாங்கிக் கொடுக்கட்டுமா?

முதலில் அவரையே வாங்கச் சொல்லுங்கள். பாகம் கெட்டால் பொறுப்பு அவருடையது, கூலியும் அவர் தலையில். நீங்கள் வாங்கித் தந்த பாகம் போனால் இரண்டு முறை கழற்றிப் பூட்டிய கூலி உங்களுடையது.

அரிய பாகம் என்றால் நீங்களே தேட வேண்டி வரலாம். 656 சிசி ஹோண்டா பீட், 657 சிசி சுஸுகி கப்புச்சினோ போன்ற ஜப்பானிய கெய் கார்களுக்கு (அந்நாட்டின் மிகச் சிறிய கார் வகை) அதுதான் நடைமுறை. அப்போது மாடல் பெயரை நம்பாமல் சேஸிஸ் எண்ணை வைத்துத் தேடுங்கள். முதல் தலைமுறை எம்எக்ஸ்-5-இலேயே 1.6-க்கு முன் டிஸ்க் 235 மில்லிமீட்டர், 1.8-க்கு 255. கிளட்ச் தட்டும் 200-க்கு 215. பார்சலைப் பிரித்துப் பழையதோடு பக்கத்தில் வைத்து ஒத்துப் பார்த்த பிறகே வண்டியைப் பிரிக்கச் சொல்லுங்கள்.

14. ரெண்டு மெக்கானிக், ரெண்டு விதமா சொல்றாங்க. யாரை நம்பறது?

அளந்து சொன்னவரை நம்புங்கள். சூடேறுகிறது என்று கொண்டுபோனால் ஒருவர் "ஹெட் கேஸ்கெட்" என்கிறார், இன்னொருவர் "தெர்மோஸ்டாட்" என்கிறார். இருவரிடமும் எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேளுங்கள். கூலன்ட் தொட்டியின் வாயில் நீலத் திரவம் உள்ள கருவியை வைத்து எஞ்சினை ஓட்டினால், எரிந்த வாயு கலந்திருக்கும்போது நீலம் மஞ்சளாக மாறும். லீக்-டவுன் டெஸ்ட்டில் சிலிண்டருக்குள் காற்றை அடைத்து எவ்வளவு கசிகிறது என்று பார்ப்பார்கள். 10 சதவீதத்துக்குள் என்றால் நல்லது, 20-ஐத் தாண்டினால் காற்று எங்கே போகிறது என்று காதை வைத்துக் கேட்க வேண்டும். ஆயில் ஊற்றும் வாயில் சத்தம் வந்தால் ரிங், சைலன்சரில் வந்தால் எக்ஸாஸ்ட் வால்வு, கூலன்ட்டில் குமிழி வந்தால் கேஸ்கெட்.

இன்னொரு உதாரணம் அடிக்கடி வரும். பழைய எம்எக்ஸ்-5-இல் கிளட்ச் பெடல் கீழே போய்விடுகிறது, கியர் விழவில்லை. "கியர்பாக்ஸை இறக்கணும்" என்று ஒருவர் சொல்வார். இறக்கும் முன் கியர்பாக்ஸின் வெளிப்பக்கத்தில் இருக்கும் கிளட்ச் ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பர் உறையை விரலால் ஒதுக்கிப் பார்த்தாரா என்று கேளுங்கள். உள்ளே ஈரம் இருந்தால் கெட்டது அதுதான். இரண்டு போல்ட், ஒரு குழாய், பிறகு காற்றெடுக்க வேண்டும். கியர்பாக்ஸைத் தொடவே வேண்டாம்.

15. எஸ்டிமேட் ஒண்ணு, பில் வேற. ஏமாத்தறாரா?

துரு வேலையில் அது நடக்கக்கூடியதுதான். வெளித்தகரத்தை வெட்டும் வரை உள்தகரம் எப்படி என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆகவே தொகையைவிட நடைமுறையை முதலில் பேசிக்கொள்ளுங்கள்: வெட்டித் திறந்ததும் நிறுத்த வேண்டும், ஸ்கேல் ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் படமெடுத்து அனுப்ப வேண்டும், நீங்கள் சரி சொன்ன பிறகே அடுத்த வெட்டு. வெல்டிங்குக்கு முன் கதவுச் சட்டத்துக்குக் குறுக்கே தற்காலிகக் கம்பி கொடுத்து இறுக்குகிறாரா என்றும் கேளுங்கள். ஸில்லை வெட்டும்போது உடம்பு மடங்கிவிட்டால், 7-இல் சொன்ன கதவு இடைவெளி அதன்பிறகு ஒருநாளும் சரியாக வராது.

எஞ்சின் வேலையில் இந்தச் சலுகை குறைவு. அங்கே கேட்காமல் கூட்டினால் பழைய பாகத்தைக் காட்டச் சொல்லுங்கள். காட்ட முடியாத பாகத்துக்கு ஏன் பணம் கொடுக்க வேண்டும் என்று நிதானமாகக் கேட்கலாம்.

16. வேலை நல்லா செய்றார், ஆனா வண்டி மாசக்கணக்கா அங்கயே நிக்குது.

நல்ல மெக்கானிக்கிடம் வரிசை இருக்கும், காத்திருக்கலாம். ஆனால் வண்டி எப்படி நிற்கிறது என்பதில் விட்டுக்கொடுக்க வேண்டாம். கூரை காய்ந்த நிலையில் மூடியிருக்க வேண்டும். மடக்கிய ஈரத்துணியில் பூஞ்சை பிடிக்கும், மடிப்புக் கோடுகள் வெடிக்கும். வெட்டவெளி என்றால் மரத்தடி வேண்டாம், சருகு நேரே வடிகாலுக்குத்தான் போகும். பேட்டரி மைனஸ் கழற்றியிருக்கட்டும். ஹேண்ட்பிரேக்கைப் போடாமல் சக்கரத்துக்குக் கட்டை கொடுக்கச் சொல்லுங்கள். எம்எக்ஸ்-5-இன் பின் காலிப்பர்கள் நின்ற இடத்திலேயே பிடித்துக்கொள்ளும் வழக்கம் உள்ளவை. பாகம் வரக் காத்திருப்பதாகச் சொன்னால், அது வரும்வரை வண்டியை வீட்டுக்கு எடுத்துப்போகலாமா என்று கேளுங்கள். பல சமயம் முடியும்.

17. எப்போ இவரை விட்டுட்டு வேற ஆளைப் பார்க்கணும்?

ஒரு தப்பு நடந்ததற்காக விடாதீர்கள். "கிளிப் என் கையில உடைஞ்சிடுச்சு, புதுசு சொல்லியிருக்கேன்" என்று தானே சொல்பவர் அருமையானவர். அவரைத் தக்கவைத்துக்கொள்ளுங்கள். நீங்களும் கோளாறின் பெயரைச் சொல்லி வேலை வாங்காமல், எந்த வேகத்தில், சூடாக இருக்கும்போதா குளிரிலா, எந்தப் பக்கம் திரும்பும்போது என்று அறிகுறியை மட்டும் சொன்னால் அவருக்குப் பெரிய உதவி.

அதே கோளாறுக்கு மூன்றாவது பாகத்தை மாற்றியும் இன்னும் எதையும் அளக்கவில்லை என்றால், கூரையில் புதுக் கிழிசலைக் கண்டும் "முன்னாடியே இருந்தது" என்றால், ஸில்லைத் திறந்து பார்க்காமல் மேலே புட்டி அப்பி பெயின்ட் அடித்துத் தந்தால், அன்றைக்கே வண்டியை எடுத்துவிடுங்கள். எடுக்கும்போது பில்கள், படங்கள், மாற்றிய பாகங்களின் எண்கள் எல்லாவற்றையும் வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த மெக்கானிக் முதலில் கேட்பது அந்தக் கோப்பைத்தான்.